ஓரெழுத்துக் குறியும் முழுச்சொற் குறியும்

2013 ஆம் ஆண்டில் தந்திப் பணி நிறுத்தப்பெறும் வரை, இந்தியத் தந்தி நிலையங்களில் வாழ்த்துத் தொடர்களின் பட்டியல் ஒன்று வழக்கில் இருந்தது. ஒவ்வொரு தொடருக்கும் ஓர் எண் உண்டு. அனுப்புவோர் எண்ணை மட்டும் குறித்தால் போதும். பெறுவோர் கைக்கு முழு வாழ்த்தும் வந்து சேரும். எழுதுவோர்க்குச் சுருக்கம், படிப்போர்க்கு முழுமை என்னும் இரு நன்மைகளும் அங்கு ஒருங்கே கிட்டின. கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவோர்க்கு இவ்வசதி இல்லை. அவர் எதைச் சுருக்குகின்றாரோ, அச்சுருக்கத்தையே பின்னால் வருபவரும் படித்துப் பொருள் காண வேண்டியிருக்கிறது.

லினக்ஸ் போன்ற இயங்குமுறைகளில் கட்டளைப் பெயரை அடுத்து விருப்பக்குறிகள் இடப்பெறும். கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' என்னும் கட்டளைக்குப் பின் ஒரு சிறுகோடும் 'ஏ' என்னும் எழுத்தும் இட்டால், மறைந்துள்ள கோப்புகளும் காட்டப்பெறும். இதனையே இரண்டு சிறுகோடுகளுக்குப் பின் 'ஆல்' என முழுச்சொல்லாகவும் எழுதலாம். பயன் ஒன்றே, வடிவம் இரண்டு.

ஓரெழுத்து வடிவமே மூத்தது. 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் முறையைத் தொடங்கிய காலத்தில், கணிப்பொறியுடன் உரையாடும் கருவி டெலிடைப் பொறியாகவே இருந்தது. அக்காலத்தில் பெரிதும் வழங்கிய 33 ஆம் எண் டெலிடைப் விநாடிக்குப் பத்து எழுத்துகளையே அச்சிட வல்லது. விசைகளோ அழுத்துவதற்குக் கடினமானவை. ஓர் எழுத்து குறைந்தாலும் அஃது ஆதாயமே. 'கிரியேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றெழுத்தையும் அவர்கள் விட்டுவிட்டனர். யூனிக்ஸை மீண்டும் அமைப்பதாயின் எதை மாற்றுவீர் என வினவப்பெற்றபோது, அவ்வோர் எழுத்தைச் சேர்த்துவிடுவதாகத் தாம்சன் விடையிறுத்தார் என்பர்.

சிக்கனத்தின் விலை பின்னரே புலப்பட்டது. ஆங்கில எழுத்துகள் இருபத்தாறே. ஆதலின் ஒரே எழுத்து இடத்திற்கு இடம் வேறு பொருள் தரலாயிற்று. சிறிய 'ஆர்' என்பது 'எல்எஸ்' கட்டளையில் வரிசையைத் தலைகீழாக்கும். கோப்பு அழிக்கும் 'ஆர்எம்' கட்டளையிலோ உள்ளே அடங்கிய கோப்புறைகள் அனைத்தையும் சேர்த்து அழிக்கும். 'வி' என்பது படியெடுக்கும் கட்டளையில் நடப்பதை விரித்துரைக்கும். 'கிரெப்' என்னும் தேடற்கட்டளையில் பொருந்தாத வரிகளை மட்டும் தரும். மாணாக்கர் மனப்பாடம் செய்து குழம்புவது இவ்விடத்திலேதான். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

1983 ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளே முழுச்சொற் குறிகளைப் பரவச் செய்தன. ஒற்றைக் கோட்டிற்குப் பின் பல எழுத்துகள் வந்தால் அவை தனித்தனிக் குறிகளின் தொகுப்பாகக் கொள்ளப்படும். எனவே சொல்லைப் பிரித்துக் காட்ட இரட்டைக் கோடு தேவையாயிற்று.

இவ்வேறுபாட்டின் பயனைக் களப்பணியாளர் ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஒரு நிலையத்தின் மழைப் பதிவுகளை இரவுதோறும் வேறொரு வட்டில் படியெடுக்க, முன்பிருந்த அலுவலர் 'ஆர்சிங்க்' என்னும் கருவியைக் கொண்டு கட்டளைக் கோப்பொன்று எழுதி வைத்து மாற்றலாகிச் சென்றார் எனக் கொள்வோம். அதில் 'டிலீட்' என்னும் குறி உள்ளது. மூலத்தில் இல்லாத கோப்புகளைப் படியிலிருந்தும் நீக்குவது அதன் தொழில். ஓர் இரவு மூலவட்டு இணைக்கப்பெறாமல், அதற்குரிய கோப்புறை வெறுமையாக இருந்தால், பல்லாண்டுப் படிகள் அனைத்தும் நீங்கிவிடும். புதிதாக வந்த அலுவலர் கட்டளைக் கோப்பைப் படிக்கையில் 'டிலீட்' என்னும் முழுச்சொல் கண்ணில் பட்டால் ஒரு கணமேனும் நின்று யோசிப்பார். நல்வாய்ப்பாக, அக்குறிக்கு ஓரெழுத்து வடிவமே அக்கருவியில் இல்லை. மாறாக, எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் குறிக்கு 'என்' என்னும் ஓரெழுத்து உண்டு. தீங்கற்றது எளிதாகவும் தீங்கு விளைவிக்கக்கூடியது நீண்டும் இருப்பது போற்றத்தக்க அமைப்பாகும்.

குனூவின் 'ஆர்எம்' இதனினும் ஒரு படி கண்டிப்பானது. முழுச்சொற் குறிகளைப் பொதுவாக, வேறொன்றோடு மயங்காத அளவிற்கு, முதற்பகுதியை மட்டும் எழுதிச் சுருக்கிக்கொள்ள குனூ கருவிகள் இடமளிக்கின்றன. ஆயினும் முறைமையின் வேர்க் கோப்புறையையே அழிக்க அனுமதிக்கும் 'நோ பிரிசர்வ் ரூட்' என்னும் குறியை மட்டும் ஓரெழுத்தும் குறையாமல் எழுதியாக வேண்டும். சுருக்கினால் கட்டளை மறுக்கப்படும். கட்டளைக் கோப்புகளில் மற்றக் குறிகளையும் இவ்வாறு முழுதாக எழுதுவதே தக்கது. ஏனெனில் அடுத்த பதிப்பில் அதே முதற்பகுதியுடைய புதுக்குறி ஒன்று சேர்ந்தால், பழைய சுருக்கம் மயக்கத்திற்குரியதாகிச் செயலற்றுப்போகும்.

எனினும் முழுச்சொல் எங்கும் செல்லுபடியாவதில்லை. பாசிக்ஸ் தரநிலை ஓரெழுத்துக் குறிகளையே வரையறுத்துள்ளது. மேக் கணிப்பொறிகளிலும் பிஎஸ்டி வகை முறைகளிலும் பல கட்டளைகள் இரட்டைக் கோட்டுக் குறிகளை ஏற்பதில்லை. பலவகைக் கணிப்பொறிகளில் ஓட வேண்டிய கட்டளைக் கோப்பாயின் ஓரெழுத்தையே கையாண்டு, அதன் பொருளை மேல்வரியில் விளக்கக் குறிப்பாக எழுதி வைக்கலாம். விசைப்பலகையின் முன் அமர்ந்து அப்போதைக்கப்போது இடும் கட்டளைகளுக்கோ ஓரெழுத்தே போதும். அங்கு எழுதுபவரும் படிப்பவரும் ஒருவரே.