பொது அறிவியலும் போட்டித் தேர்வும்

தமிழ்நாட்டின் வடபகுதியில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக விரிந்து கிடப்பது ஜவ்வாது மலை. அம்மலையின் மீது, திருவண்ணாமலை மாவட்டத்தைச் சார்ந்து அமைந்துள்ள ஊர் ஜமுனாமரத்தூர். போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் மலைப் பாதைகள் வளைந்து வளைந்து ஏறி அவ்வூரை அடைகின்றன. சாமையும் பலாவும் புளியும் தேனும் அம்மலை தரும் செல்வங்கள். மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் அங்கே மிகுதியாக வாழ்கின்றனர். பள்ளிப் படிப்பை முடித்த அம்மலையின் இளைஞர்களும், பிற ஊர் இளைஞர்களைப் போலவே, அரசுப் பணிக்கான போட்டித் தேர்வை எதிர்நோக்கியிருக்கின்றனர். அத்தேர்வின் பகுதிகளுள் பலரையும் தயங்கச் செய்வது பொது அறிவியல். அதனைத் திருப்பிப் படிக்கும் முறை யாது என்பதை இங்கே காண்போம்.

முதற்கண் இத்தேர்வு எதற்காக ஏற்பட்டது என்பதை அறிதல் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் உயர்ந்த பதவிகள், கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரை பெற்றவர்க்கே கிடைத்தன. இந்தியக் குடிமைப் பணிக்கு 1855ஆம் ஆண்டு போட்டித் தேர்வு இலண்டன் நகரில் தொடங்கப்பெற்ற பின்னரே, 'இவன் யாருடைய மகன்?' என்னும் கேள்வி பின்சென்று, 'இவன் என்ன அறிவான்?' என்னும் கேள்வி முன்வந்தது. 1863ஆம் ஆண்டு சத்தியேந்திரநாத் தாகூர் அத்தேர்வில் வென்ற முதல் இந்தியரானார். சென்னை மாகாணத்தில் 1929ஆம் ஆண்டு பணியாளர் தேர்வாணையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய மாகாணங்களில் தோன்றிய இத்தகைய ஆணையங்களுள் அதுவே முதலாவது. இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அதன் வழி வந்ததேயாகும்.

செல்வாக்கு இல்லாதவர்க்கும் இதனால் ஒரு வாயில் திறந்தது. ஜவ்வாது மலையிலேயே இதற்குச் சான்று உண்டு. மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் பெண்மணி, தேர்வாணையம் நடத்திய உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்ற செய்தி 2024ஆம் ஆண்டு நாடெங்கும் பரவியது. மகப்பேறு நிகழ்ந்த சில நாட்களுக்குள்ளேயே சென்னைக்குப் பயணம் செய்து அத்தேர்வை அவர் எழுதினார். அவர் எழுதியது சட்டத் தேர்வு. நாம் பேசப் புகுந்தது பொது அறிவியல். எனினும் வாயில் ஒன்றே.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை அடிப்படைத் தகுதியாகக் கொண்ட தொகுதி நான்கு தேர்வையே இம்மலை மாணவர் பலரும் முதலில் எழுதுவர். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் ஆகிய பதவிகள் அதன் வழியே நிரப்பப்படுகின்றன. 2024ஆம் ஆண்டின் அறிவிப்பில் வனக்காப்பாளர், வனக்காவலர் பதவிகளும் இடம் பெற்றன. மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள். அவற்றுள் தமிழுக்கு 100, பொது அறிவுக்கு 75, திறனறிவுக்கு 25. பொது அறிவினுள் ஒரு பிரிவே பொது அறிவியல். எண்ணிக்கை சிறிதாயினும், ஒரு வினாவின் வேறுபாட்டில் ஆயிரக்கணக்கானோர் முன்பின்னாகும் தேர்வில் எப்பிரிவையும் கைவிடலாகாது.

இப்பிரிவைக் கற்பதற்குப் பலர் கொள்ளும் வழி, கடைகளில் விற்கும் ஒரு வரி வினாவிடைத் தொகுப்புகளை வாங்கி உருப்போடுவது. 'பலா – கூட்டுக்கனி. சீத்தா – திரள்கனி. ஆற்றலின் அலகு – ஜூல்' என வரிவரியாக மனனம் செய்வர். சிலர் இதற்கெனச் சமவெளி நகரங்களில் அறை எடுத்துத் தங்கிப் பெற்றோரின் பொருளையும் செலவிடுவர். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள அறிவியல் பாடநூல்களே வினாக்களுக்கு ஊற்று என்பதையும், அந்நூல்களைத் தாமே ஐந்தாண்டுகள் கையில் வைத்திருந்ததையும் அவர்கள் மறந்து விடுகின்றனர். வியப்பு யாதெனில், பொருளுணராமல் கற்பதற்கும் கருத்துணர்ந்து கற்பதற்கும் உள்ள வேறுபாடு தேர்வாணையத்தின் பாடத்திட்டத்திலேயே பொது அறிவியலின் கீழ் ஒரு தலைப்பாக இடம் பெற்றிருந்தது! அத்தலைப்பையும் உருப்போட்டவர்கள் உண்டு.

உருப்போட்டது ஏன் நிலைப்பதில்லை? ஜெர்மன் நாட்டு அறிஞர் எபிங்காஸ் இவ்வினாவைத் தம்மையே சோதனைப் பொருளாக்கி ஆராய்ந்தார். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனனம் செய்து, சில காலம் கழித்து அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். மறுநாள் கற்றபோது மிச்சமானது மூன்றில் ஒரு பங்களவே. 31 நாட்களுக்குப் பின் ஐந்தில் ஒரு பங்களவு. 1885ஆம் ஆண்டு இம்முடிவுகளை அவர் நூலாக வெளியிட்டார். இவ்வெண்களில் ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். மறதியின் பெரும் பகுதி முதல் நாளிலேயே நிகழ்ந்து விடுகின்றது. அதன் பின்னர் அது மெல்லவே நடக்கின்றது. ஆகவே முதல் திருப்புதல் மறுநாளே வருதல் வேண்டும். அடுத்தடுத்தவை சிறிது சிறிதாகத் தள்ளிப் போகலாம்.

திருப்புதல் என்பது நூலை மீண்டும் வாசிப்பதா? அன்று என்கிறது மற்றோர் ஆய்வு. அமெரிக்க நாட்டு உளவியலார் ரோடிகர், கார்பிக் என்னும் இருவர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனை அது. கல்லூரி மாணவர்களுள் ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை வாசித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரே முறை வாசித்து, நூலை மூடிவிட்டு, நினைவுக்கு வந்தவற்றை மும்முறை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தி நின்றனர். அவர்கள் நூற்றுக்கு 83 பகுதியையும், எழுதியவர்கள் 71 பகுதியையும் நினைவு கூர்ந்தனர். ஒரு வாரம் கழிந்தது. வாசித்தவர்கள் 40க்கு இறங்கினர். எழுதியவர்கள் 61இல் நின்றனர். வேடிக்கை என்னவெனில், தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று மிகுதியாக நம்பியவர்கள் நான்கு முறை வாசித்தவர்களே. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலத் தோன்றும். அத்தோற்றமே தேர்வுக் கூடத்தில் நம்மைக் கைவிடுவது.

நூலை மூடியபின் எதைக் கேட்டுக்கொள்வது? 'என்ன?' என்னும் வினாவோடு நின்றுவிடாமல் 'ஏன்?' என்றும் கேட்டல் வேண்டும். இவ்வினாவுக்கு மலையில் வாழும் மாணவர்க்குக் கண்ணெதிரே விடைகள் கிடக்கின்றன.

உலையில் கொதிக்கும் நீரை எடுத்துக் கொள்வோம். நீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ் என்று ஒரு வரித் தொகுப்புக் கூறும். அது கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் மட்டுமே உண்மை. உயரம் கூடக் கூட நம் தலைக்கு மேலுள்ள காற்றின் அளவு குறைகிறது; அதனால் அழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறைய, நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகின்றது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும். ஜமுனாமரத்தூருக்கு அருகிலுள்ள காவலூர் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆங்கு நீர் கொதிப்பது சுமார் 97½ டிகிரியில் என நாமே கணக்கிடலாம். உலை நன்கு கொதித்தும் சோறு வேகத் தாமதமாவதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ? அழுத்தச் சமையற்கலத்தில் இதற்கு நேர்மாறு நிகழ்கின்றது: நீராவி வெளியேற வழியின்றி அழுத்தம் கூடுகிறது, கொதிநிலை ஏறுகிறது, பருப்பு விரைந்து வேகிறது. தேர்வில் 'கூற்று, காரணம்' என இரண்டு வாக்கியங்களைத் தந்து, பின்னது முன்னதை விளக்குகிறதா என்று வினவுவர். தனித்தனி வரிகளை மனனம் செய்தவன் இரண்டும் சரி என்பது வரை வந்து, இணைக்கும் இடத்தில் தடுமாறுவான். உலையை நினைத்தவன் தடுமாறான்.

பேருந்து மலையேறும்போதும் பாடம் நடந்துகொண்டேயிருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் நிறுத்தப்படும் ஆடி குவியாடி. அது தரும் பிம்பம் சிறியதாயினும் நேரானது, பரந்த வழியை ஒருங்கே காட்டுவது. வண்டியின் முகப்பு விளக்கினுள் இருப்பது குழியாடி. வளைவில் நாம் வெளிப்புறம் சாய்வது நிலைமத்தினால்.

பலாவின் செய்தி இன்னும் சுவையுடையது. மாம்பழம் ஒரு பூவிலுள்ள ஒரே சூலகத்திலிருந்து தோன்றுவது, ஆகையால் தனிக்கனி. சீத்தாப் பழம் ஒரே பூவின் பல சூலக இலைகள் தனித்தனியே வளர்ந்து திரண்டது, ஆகையால் திரள்கனி. பலாவிலோ ஒரு பூங்கொத்து முழுவதுமே ஒரு கனியாகிறது. ஒவ்வொரு சுளையும் ஒரு பூவிலிருந்து வந்தது. சுளைகளுக்கு இடையே நார் போலக் கிடப்பவை காய்க்காத பூக்களின் எச்சங்கள். ஒரு பலாவை அரிந்து பார்த்துக் கேட்டறிந்தவர்க்கு இம்மூன்று சொற்களும் இனி மாறிப் போகா. புளியின் புளிப்புக்கு டார்டாரிக் அமிலம், தயிரின் புளிப்புக்கு லாக்டிக் அமிலம், நெல்லிக்கனியில் வைட்டமின் சி. ஜவ்வாது மலையின் சந்தன மரமும் ஒரு பாடமே: பச்சை இலைகளால் தன் உணவைத் தானே ஆக்கிக் கொண்டாலும், அண்டை மரங்களின் வேர்களிலிருந்து நீரையும் தாது உப்புகளையும் உறிஞ்சுவதால் அதனைப் பகுதி வேர் ஒட்டுண்ணி என்பர்.

இனி, இரவு வானம். நகர ஒளி குன்றிய இம்மலையில், காவலூரில், 1968ஆம் ஆண்டு வானாய்வுப் பணி தொடங்கியது. அவ்விடத்தைத் தேர்ந்தவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. அவர் 1982ஆம் ஆண்டு மறைந்தார். ஆங்கு நிறுவப்பட்ட 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கிக்கும் அவ்வாய்வகத்துக்கும் 1986ஆம் ஆண்டு அவர் பெயரே சூட்டப்பட்டது. அத்தொலைநோக்கியின் பெரிய ஆடியும் குழியாடியே. இருளில் விரிந்த நம் கண்மணியின் விட்டம் சுமார் 7 மில்லிமீட்டர். பரப்பு விட்டத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால், அவ்வாடி நம் கண்ணைப் போல ஒரு லட்சம் மடங்குக்கு மேல் ஒளியைத் திரட்டுகின்றது.

வளையமுள்ள கோள்கள் யாவை என்பது தேர்வுகளில் பழகிப்போன வினா. சனியை எல்லாரும் எழுதுவர், யுரேனசை மறப்பர். 1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் அவ்விண்மீனின் ஒளி சிறிது சிறிது நேரம் மங்கி மங்கித் தெளிந்ததை வானூர்தியிலிருந்து நோக்கிய அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். அந்நிகழ்ச்சி காவலூரிலும் பதிவாயிற்று. கோளைச் சுற்றி மெல்லிய வளையங்கள் உண்டென்பது அதனால் விளங்கியது. தம் மலையிலிருந்து காணப்பட்ட இச்செய்தியை அறிந்த மாணவர் யுரேனசை மறப்பரோ?

இவ்வாறு கூறுவதால் மனனமே வேண்டா என்பது கருத்தன்று. வைட்டமின்களின் குறைபாட்டு நோய்களையும், தனிமங்களின் குறியீடுகளையும் மனனம் செய்தே தீரவேண்டும். அவற்றுக்கு 'ஏன்' என்று கேட்டுக் கொண்டிருப்பது காலத்தை வீணாக்கும். அலகுகள் அத்தகையன அல்ல. ஒரு நியூட்டன் விசை ஒரு பொருளை ஒரு மீட்டர் நகர்த்தினால் ஒரு ஜூல் வேலை. அவ்வேலை ஒரு விநாடியில் நடந்தால் ஒரு வாட் திறன். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால், அதாவது 3,600 விநாடி ஓடினால், 36 லட்சம் ஜூல். மின் கட்டண அட்டையில் காணும் 'ஒரு யூனிட்' என்பது இதுவே. ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பதால் ஐந்து செய்திகளை ஒரு செய்தியாக நினைவிற் கொள்ளலாம்.

நாள்தோறும் செய்ய வேண்டியது பெரிதன்று. ஒரு பாடத்தைப் படித்தபின் நூலை மூடி, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நினைவுக்கு வருவதை எழுதுக. பின் நூலைத் திறந்து ஒப்பிட்டு, விடுபட்டவற்றை மட்டும் வினாக்களாக மாற்றித் தனித் தாளில் குறித்துக் கொள்க. மறுநாள் அவ்வினாத் தாளையே முதலில் எடுத்தல் வேண்டும். விடை வந்தவற்றை ஒரு வாரம் கழித்தும், பின்னர் ஒரு மாதம் கழித்தும் கேட்டுக் கொள்ளலாம்; வராதவை மீண்டும் மறுநாளுக்கே உரியன. இயற்பியல் முழுவதையும் முடித்தபின் வேதியியல் என்று அடுக்காமல், ஒரு நாளிலேயே வெப்பம், அமிலம், கனி எனக் கலந்து கேட்டுக் கொள்வது நலம். தேர்வுத் தாளும் அவ்வாறே கலந்து வரும். துணைக்கு ஒருவர் கிடைத்தால், அவர் வினாவ நாம் வாய்விட்டு விடை கூறலாம். சுள்ளி பொறுக்கப் போகும் வழியிலும் இது நடக்கும். தேர்வுக்கு முந்திய வாரத்தில் புதிய பாடம் எதையும் தொடாமல், விடை வராது எஞ்சி நின்ற அவ்வினாத் தாள்களை மட்டும் கையில் வைத்துக் கொள்க.