மரமும் மின்சாரமும் – 9: இடி விழுந்த மரம்

உக்ரைனின் ஒனுகா இசைக்குழுவின் கதையில் செர்னிகிவ் நகரத்துப் பட்டறை வரை வந்திருந்தோம். வாத்தியம் செய்யும் தாத்தா ஒலெக்சாந்தர் ஷ்லியோன்ச்சிக். அவர் செய்து கொடுத்த சொபில்கா குழலைச் சின்ன வயதிலேயே ஊதப் பழகிய பேத்தி, ஒனுகாவின் பாடகி நாத்தா ஷிஷ்சென்கோ. தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு இது போதும்.

இந்த வாரம் 2016இல் வந்த ‘விட்லிக்’ சிறு ஆல்பத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒனுகா குழு மேடையில் வைத்திருக்கும் நாட்டுப்புற வாத்தியங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு நகரலாம் என்று ஆரம்பித்தேன். சொபில்கா, பந்தூரா, புஹாய் என்று வரிசையாகப் போய், த்ரெம்பித்தாவில் வந்து மாட்டிக்கொண்டேன். அது எந்த மரத்தில் செய்யப்படுகிறது என்று படித்த பிறகு வாரம் முழுக்க வேறு எதிலும் மனம் போகவில்லை.

த்ரெம்பித்தா என்பது கார்பாத்தியன் மலைகளில் வாழும் ஹுத்சூல் மக்களின் நீண்ட மரக்கொம்பு. ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளம் இருக்கும்; நான்கு மீட்டர் வரை போவதும் உண்டு. ஆளை விட இரண்டு மடங்கு நீளமான அந்தக் கொம்பின் எடை ஒன்றரை கிலோ அளவில்தான். செய்வது ஸ்மெரெக்கா எனப்படும் ஸ்ப்ரூஸ் மரத்தில். அதுவும் ஏதோ ஒரு ஸ்மெரெக்கா கூடாது. மலை உச்சியில் நூறு வயதைத் தாண்டி நிற்கிற மரமாக இருக்க வேண்டும், அதன்மேல் இடி விழுந்திருக்க வேண்டும். இடி விழுந்து, நின்றபடியே காய்ந்த மரம்தான் கொம்புக்கு முதல் தரம் என்பது அந்த மலைக் கைவினைஞர்களின் வழிவழி வழக்கம்.

நாட்டுப்புற இசையையும் மின்னணு இசையையும் சேர்ப்பவர்களைப் பற்றித்தானே இந்தத் தொடர்? ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் மின்சாரம் என்று எட்டு வாரமாகப் பிரித்து வைத்துப் பேசிக்கொண்டு வந்தோம். வாத்தியம் ஆவதற்கு முன்பே மின்சாரம் பாய்ந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிற மரக்கொம்பு ஒன்று இருக்கிறது என்றால் அந்தப் பிரிவினையை எங்கே கொண்டுபோய் வைப்பது!

செய்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிய மரத்தை உடனே தொடமாட்டார்கள். ஒரு வருடம் போல ஆறப்போடுவார்கள். பிறகு அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் உளியால் கையாலேயே குடைவார்கள். சுவர் சில மில்லிமீட்டர் தடிமனில் நிற்கும்வரை குடைய வேண்டும். அவசரப்பட்டு ஓர் இடத்தில் உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் அத்தனை நாள் வேலையும் விறகு. குடைந்த பாதிகளை மறுபடி பொருத்தி, காற்று கசியாதபடி மேலே பிர்ச் மரப்பட்டையைச் சுற்றுவார்கள். ஊதும் முனையில் கொம்பிலோ உலோகத்திலோ செய்த சிறு ஊதுவாய். விரல் வைக்க ஒரு துளைகூடக் கிடையாது.

துளை இல்லாமல் எப்படிச் சுரம் வரும்? உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் வேகத்தாலும்தான். அந்த நீளக் குழாய்க்கென்று ஓர் அடிச்சுரம் உண்டு. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்கள் என்று ஏணிப்படி போல மேலே மேலே ஓசைகள் நிற்கும். ஊதுகிறவர் அந்தப் படிகளில் மட்டும்தான் ஏறி இறங்க முடியும். படிகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. அந்தப் படிகளும் பியானோ கட்டைகளோடு ஒத்துப்போவதில்லை. ஏழாவது படி பியானோவின் சுரத்தைவிட அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு போலக் கீழே நிற்கும். பதினொன்றாவது படி இரண்டு கட்டைகளுக்குச் சரியாக நடுவில் போய் நிற்கும்.

இந்தக் குணத்தை ஒனுகாவின் மற்ற வாத்தியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பழைய சொபில்காவுக்கு ஆறு துளைகள். இன்று இசைப்பள்ளிகளில் சொல்லித்தரும் சொபில்காவுக்குப் பத்துத் துளைகள், எல்லா அரைச்சுரங்களும் வரும். பந்தூராவின் கதையும் இதுதான். ஊர் ஊராகப் போய்க் கதைப்பாடல் பாடிய கோப்ஸார்களின் கையில் குறைந்த தந்திகளோடு இருந்த வாத்தியம், சோவியத் காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட தந்திகளோடு மேடைக்கு ஏற்றதாக மாற்றி அமைக்கப்பட்டது. அந்த மாற்றத்தில் இவான் ஸ்க்லியாருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய வடிவமைப்பில் பந்தூராக்களைத் தொழிற்சாலையில் செய்து குவித்த ஊர் எது தெரியுமா? செர்னிகிவ். நம் தாத்தாவின் ஊரேதான்.

ஆக, நாத்தா கையில் எடுத்த குழலும் பந்தூராவும் ஏற்கெனவே ஒருமுறை நவீனமானவை. எந்தச் சுதியில் சொன்னாலும் வாசிக்கும். சிந்தசைசரோடு சேர்வதற்கு அவற்றுக்குப் பெரிய தடை எதுவும் இல்லை. த்ரெம்பித்தாவை யாராலும் அப்படித் திருத்த முடியவில்லை. துளை போட்டால் அது வேறு வாத்தியம். நீளத்தை மாற்றினால் சுதி மாறுமே தவிர, படிகள் அதே படிகள்தான். பாட்டு அதன் சுதிக்கு வரவேண்டுமே ஒழிய, அது பாட்டின் சுதிக்கு வராது. கணினியில் பதிவு செய்து, சுதியை இழுத்துச் சரிக்கட்டிவிடலாம்தான். அப்படிச் செய்த பதிவுகள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன. ஊதுகிறவரின் உதடு தேடிப்போய்ப் படியைப் பிடிக்கிற அந்த முதல் நொடி அதில் மழுங்கிப்போகிறது. கொம்பின் உயிர் அந்த நொடியில்தான் இருக்கிறது.

மலையில் இது கச்சேரி வாத்தியமாக இருந்ததில்லை. மேய்ச்சல் நிலத்தில் இடையர்கள் ஒருவருக்கொருவர் சேதி சொல்லவும், கிறிஸ்துமஸ் காலத்தில் பாடிக்கொண்டு வருபவர்களை அறிவிக்கவும், ஊரில் சாவு விழுந்தால் அடுத்த பள்ளத்தாக்குக்குத் தெரிவிக்கவும் ஊதினார்கள். பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும் என்பார்கள். ஊதுகிற விதத்தை வைத்தே என்ன சேதி என்று ஊர் புரிந்துகொள்ளும். கம்பியும் கோபுரமும் இல்லாமல் ஒரு மலைத்தொடர் முழுக்க ஒலிபரப்பு நடத்திய கருவி இது. ‘நாட்டுப்புறம் என்றால் எளிமை, மின்னணு என்றால் தொழில்நுட்பம்’ என்று யாராவது பேசினால் இனி எனக்குப் பொறுக்காது. மூன்று மீட்டர் மரத்தைப் பிளந்து, சுவரைச் சில மில்லிமீட்டருக்குச் செதுக்கி, மறுபடி ஒட்டி, பட்டை சுற்றி, சத்தத்தைப் பள்ளத்தாக்கு தாண்டிப் போகச் செய்தவர்கள் தொழில்நுட்பக்காரர்கள் இல்லாமல் வேறு யார்?

இந்தக் கொம்பை ஐரோப்பாவின் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தவர் என்று முதலில் சொல்ல வேண்டியது ருஸ்லானாவை. ல்விவ் நகரத்துப் பெண். ஹுத்சூல் கிராமங்களுக்குப் போய் அவர்களுடைய தாளங்களையும் ஆட்டங்களையும் கேட்டுப் பழகி, அதிலிருந்து தன் பாட்டைக் கட்டினார். 2004 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த யூரோவிஷன் போட்டியில் அவருடைய ‘வைல்ட் டான்சஸ்’ 280 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தது. தோல் உடையும் முரசுத் தாளமும் எல்லாருக்கும் நினைவிருக்கும். பாட்டு தொடங்குவதே கொம்பின் அழைப்போடுதான் என்பதை மறந்திருப்பார்கள். யூரோவிஷன் விதிப்படி வாத்திய இசை ஒலிப்பதிவிலிருந்துதான் வரும், மேடையில் பாட்டு மட்டுமே நேரடி. அப்படியிருந்தும் அந்த நீளக் கொம்பைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். அது சரியான முடிவு என்பேன். கண்ணால் பார்க்காவிட்டால் அந்த ஓசை ஒரு மரத்திலிருந்து வருகிறது என்று யார் நம்புவார்கள்?

ருஸ்லானாவுக்கு மலை ஓர் ஆவேசம். நாத்தாவின் வழி வேறு. அவர் மலைநாட்டுக்காரர் அல்லர். செர்னிகிவ் வடக்கே காடும் சமவெளியும் சேர்ந்த பகுதி, கார்பாத்தியன் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. வேறொரு வட்டாரத்தின் கொம்பை எடுத்துத் தன் இசையில் வைக்கிறவருக்கு ஒரு பொறுப்பு உண்டு: அதை அலங்காரத்துக்கு நிறுத்திவைக்கக் கூடாது. அந்தப் பொறுப்பை அவர் எப்படிக் கற்றார் என்பதற்கு அவருடைய தொடக்கக் காலத்தைப் பார்க்க வேண்டும். அதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்.

2002இல் அண்ணன் ஒலெக்சாந்தருடன் சேர்ந்து ‘டொமேட்டோ ஜாஸ்’ என்ற மின்னணு இசைக்குழுவைத் தொடங்கியபோது நாத்தாவுக்குப் பதினேழு வயது. நாட்டுப்புறத்திலிருந்து மின்னணுவுக்குப் போனவர் என்று அவரைச் சொல்வார்கள். குழந்தைக் குழலைத் தள்ளிவைத்துப் பார்த்தால், மேடைப் பாடகியாக அவர் வளர்ந்தது முழுக்க மின்னணு இசைக்குள்தான். பத்து வருடத்துக்கு மேல் அதில் ஊறிவிட்டு, 2013இல் ‘தி மேனெக்கென்’ என்ற பெயரில் இயங்கிய இசையமைப்பாளர் யெவ்ஹென் ஃபிலாத்தோவோடு சேர்ந்து ஒனுகாவைத் தொடங்கினார். முதல் ஆல்பம் 2014இல் வந்தது. சிந்தசைசரில் கைதேர்ந்த பிறகு குழலை மறுபடி எடுத்ததால்தான், எந்த இடத்தில் மின்னணு ஓசை வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ‘மிஸ்த்தோ’ பாட்டைக் கேளுங்கள். கீழே பேஸ், மேலே குழல் என்று ஆளுக்கோர் இடம். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதில்லை. நாத்தாவின் குரலும் அலட்டுவதில்லை. அதிர்வே இல்லாமல், கோடு கிழித்தது போலப் போகிறது. குரலையும் ஒரு குழலாகத்தான் அவர் நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

2017 மே 13. யூரோவிஷன் இறுதிச்சுற்று கீவ் நகரத்தில். முந்தைய வருடம் ஜமாலா ஜெயித்ததால் உக்ரைனுக்கு வந்த விருந்தோம்பல் அது. வாக்கெடுப்பு நடக்கும் இடைவேளையில் ஒனுகா, ‘நவோனி’ எனப்படும் தேசிய நாட்டுப்புற வாத்திய இசைக்குழுவோடு மேடையேறியது. பந்தூராக்களும் குழல்களும் மத்தளங்களுமாக அத்தனை வாத்தியக்காரர்கள், நடுவே மின்னணு இசைக்காரர்கள். தாத்தாவின் தலைமுறை மேடைக்காகத் திருத்தி அமைத்த வாத்தியங்களின் பெருங்கூட்டம் அது. அதே இரவில் ருஸ்லானாவும் பாடினார். த்ரெம்பித்தாவை உலகத்துக்குக் காட்டியவரும், பட்டறைக்காரரின் பேத்தியும் ஒரே மேடையில். இந்தத் தொடருக்காக ஒரே ஓர் இரவைத் தேர்ந்தெடுத்து அரங்கில் உட்கார வரம் கிடைத்தால் நான் இதைத்தான் கேட்பேன்.

‘விட்லிக்’குக்கு இந்த வாரம் பக்கம் மிஞ்சவில்லை, இதழ் அச்சுக்குப் போகிற நேரமும் வந்துவிட்டது. செர்னோபில் விபத்தின் முப்பதாம் ஆண்டை ஒட்டி வந்த ஆல்பம் அது. நாத்தாவின் அப்பா விபத்துக்குப் பிறகு அங்கே துப்புரவுப் பணிக்குப் போனவர்களில் ஒருவர். அதைக் கடைசிப் பத்தியில் திணித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முழு வாரம் வேண்டும். அதற்குள் ‘19 86’ என்ற பாட்டை ஒருமுறை கேட்டு வையுங்கள். அடுத்த வாரம் அதிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். யூரோவிஷனில் ‘ஷூம்’ பாடிய கத்தெரினா பாவ்லென்கோ அதற்கு அடுத்த வாரம்.