பட்டியலில் பெயர் ஏறிய பிறகு

1945இல் பிறந்து, பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை பிலடெல்பியாவில் வாழ்ந்த 9,945 ஆண்பிள்ளைகளின் போலீஸ் பதிவுகளைக் குற்றவியல் ஆய்வாளர் மார்வின் வுல்ஃப்காங்கின் குழு அலசி, 1972இல் நூலாக வெளியிட்டது. ஐந்து முறையோ அதற்கு மேலோ சிக்கியவர்கள் 627 பேர்தான். நூற்றுக்கு ஆறு பேர். ஆனால் பதிவான குற்றங்களில் பாதிக்கு மேல் அவர்கள் கணக்கு. அந்த ஆறு பேரை அமுக்கினால் ஊர் அடங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்கப் போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

ஒன்றை மறந்தார்கள். அந்த 627 பேரும் பையன்கள் வளர்ந்த பிறகு எண்ணப்பட்டவர்கள். பதினைந்து வயதில் யார் அந்த ஆறு பேர் என்று எவன் நெற்றியிலும் எழுதியிருக்காது.

1982இல் வாஷிங்டன் போலீஸ் இதற்கென்றே தனிப்படை அமைத்தது. வாரம் ஐந்து பெருங்குற்றமாவது செய்வதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களே இலக்கு. ஆளின் பின்னால் மணிக்கணக்கில் காரில் காத்திருந்து சலித்துப்போன படை, ஏற்கெனவே வாரண்ட் நிலுவையில் உள்ளவர்களையும் தேட ஆரம்பித்தது. ஆய்வாளர்கள் சூசன் மார்ட்டினும் லாரன்ஸ் ஷெர்மனும் இந்தப் படையின் பலனை முறையாகச் சோதித்தார்கள். படை கொடுத்த பெயர்களை ஜோடி சேர்த்து, குலுக்கல் முறையில் ஒருவரைப் படையிடம் விட்டார்கள். மற்றவரைப் படை தொடக்கூடாது. படையிடம் விடப்பட்டவர்கள் கைதாவது பல மடங்கு கூடியது. படை பிடித்தவர்கள் பழைய வழக்குகள் அதிகம் உள்ள ஆட்கள். சிறைக்குப் போவதும் கூடியது. ஆனால் படையினர் செய்த மொத்தக் கைதுகள் சரிந்தன. தலைக்கணக்கு மட்டும் கேட்கும் அதிகாரி இதைத் தோல்வி என்றுதான் எழுதியிருப்பார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதேசமயம், ஊரில் திருட்டு குறைந்ததா என்ற கேள்விக்குக் கைதுக் கணக்கில் விடை கிடையாது. ஒருவன் உச்சத்தில் ஆடும்போதுதான் பட்டியலுக்கு வருகிறான். சும்மா விட்டாலும் அடுத்த வருஷம் கொஞ்சம் அடங்கவே வாய்ப்பு அதிகம். ஒப்பிட ஆள் இல்லாமல் பலனைச் சொன்னால் அது வெறும் விளம்பரம்.

சிகாகோவில் பட்டியலைக் கணினி போட்டது. துப்பாக்கிச் சூட்டில் சிக்கக்கூடியவர்கள் என்று 2013இல் 426 பெயர்கள். அவர்களை என்ன செய்வது என்று களத்தில் இருந்தவர்களுக்குச் சரியாகச் சொல்லவே இல்லை. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு 2016இல் வந்தது: பட்டியலில் இருந்தவர்கள் சுடப்படுவது குறையவில்லை, ஆனால் துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் கைதாவது கூடியிருந்தது. காப்பாற்றப் போட்ட பட்டியல், சம்பவம் நடந்ததும் யாரைத் தூக்குவது என்று புரட்டும் பட்டியலாகிவிட்டதோ என்ற சந்தேகம் எழுந்தது.

பின்னாளில் அந்தப் பட்டியல் ஏறத்தாழ நான்கு லட்சம் பேராக ஊதியது. 2019இல் கைவிட்டார்கள். தண்டனையில் முடியாத கைதுகளும் ஒவ்வொருவருக்கும் கணினி போட்ட அபாய மதிப்பெண்ணில் சேர்ந்ததை நகரின் தணிக்கை அதிகாரி 2020 ஜனவரியில் சுட்டிக்காட்டினார்.