வலைக்கு இருபுறமும் ஜெர்பில்

மங்கோலியப் புல்வெளியைச் சேர்ந்த ஜெர்பில், பார்க்க எலி மாதிரி. ஆனால் வாலையும் மயிர் மூடி, நுனியில் குஞ்சம் இருக்கும். கூட்டமாக வாழும் பிராணிதான். ஆனாலும் முன்பின் தெரியாத இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ரத்தம் பார்க்காமல் ஓயாது! உறவா, பகையா என்பதை மூக்குதான் முடிவு செய்கிறது. அதனால் வளர்ப்பவர்கள் கூண்டின் நடுவே கம்பிவலைத் தடுப்பு வைத்து, தினமும் பலமுறை இரண்டையும் இடம் மாற்றுகிறார்கள். ஒன்றின் படுக்கையில் மற்றது தூங்கித் தூங்கி, அந்த வாடை பழகிப்போகும். இதற்கு ஒரு வாரமாவது பிடிக்கும். வலையைக் கடிக்காமல், அதன் ஓரமாகவே இரண்டும் படுக்கத் தொடங்கினால் தடுப்பை எடுத்துப் பார்க்கலாம். கட்டிப்புரண்டு பந்தாக உருண்டால் உடனே பிரித்துவிட வேண்டும். தடித்த கையுறை இல்லாமல் கையை நீட்டாதீர்கள், நேயர்களே, கடி உங்களுக்குத்தான்.