மலையேறப் போறீங்களா? வழிகாட்ட ஃபோன் மட்டும் போதுமா?

பூன் லே வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. துவாஸ் இரண்டாம் இணைப்பு பக்கத்திலேயே இருக்கிறது. விடியற்காலை கிளம்பினால் ஜொகூரின் 654 மீட்டர் குனோங் பூலாய் ஒரு காலைப் பொழுதில் போய்வரும் தூரம்தான். 1,276 மீட்டர் குனோங் லேடாங் என்றால் ஒரு முழு நாள். நம்ம ஊரின் ஆக உயர்ந்த இடமான புக்கிட் தீமா 164 மீட்டரைத் தாண்டாது. அதில் நாலு வாரம் ஏறி இறங்கிவிட்டு, "அடுத்தது லேடாங்!" என்று நண்பர்கள் குழுவில் ஒருவர் தட்டிவிடுவார். உடனே அடுத்த கேள்வி வரும்: வழி பார்க்க என்ன எடுத்துட்டுப் போறது?

பெரும்பாலோரின் பதில்: "ஃபோன் இருக்கே!"

அது தப்பான பதில் இல்லை. பாதிப் பதில், அவ்வளவுதான்.

சிக்னல் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். இதில்தான் பலருக்குக் குழப்பம். ஜிபிஎஸ் சிக்னல் தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வருவதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோளங்களிலிருந்து வருகிறது. உங்கள் ஃபோன் அதைக் கேட்க மட்டும்தான் செய்கிறது, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. குறைந்தது 4 துணைக்கோளங்கள் தெரிந்தால் போதும். மூன்று எதற்கு என்று உடனே புரியும், இடத்தைக் கணக்கிட. நான்காவது, ஃபோனுக்குள் இருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையைச் சரிசெய்ய.

ஆகவே காட்டுக்குள் டேட்டா போய்விட்டாலும் நீலப் புள்ளி இருக்கும். ஆனால் அந்தப் புள்ளியைச் சுற்றி வரைபடம் இருக்காது! வெறும் சாம்பல் கட்டங்களின் நடுவே நீங்கள் நிற்பது தெரியும். அதனால்தான் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்ற செயலிகளில் அதை இலவசமாகவே செய்யலாம். இறக்கியாச்சா என்பதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி: விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டுச் செயலியைத் திறந்து பாருங்கள். பாதை தெரிகிறதா? சரி.

மலையிலும் அதே விமானப் பயன்முறையில் வைத்திருப்பது நல்லது. கிடைக்காத சிக்னலைத் தேடித் தேடியே ஃபோன் மின்கலத்தைத் தின்றுவிடும். இப்போதைய ஃபோன்களில் ஜிபிஎஸ் அந்தப் பயன்முறையிலும் ஓடும்.

திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரணத் திறன்பேசி சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். நம் பக்கத்து மழைக்காட்டில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. ஈர இலைகள் சிக்னலை உறிஞ்சிக்கொள்ளும், பாறைச் சரிவுகள் அதைத் திருப்பி அடிக்கும். நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, புள்ளி மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம் தாவி உட்காரும். ஒரு நிமிடம் அசையாமல் நின்று பார்த்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பதற்றத்தில் அதைத் துரத்திக்கொண்டு நடந்தால்தான் வம்பு.

வரைபடத்தில் கோடு இருந்தால் அது பாதையா?

எந்தச் செயலி சிறந்தது என்று மணிக்கணக்கில் விவாதிப்போம். அதைவிட முக்கியமான கேள்வி, அந்தச் செயலியில் இருக்கும் கோட்டை யார் போட்டார்கள் என்பது.

2021ல் ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய சர்ச்சை. பிரிட்டனின் ஆக உயர்ந்த மலையான பென் நெவிஸுக்கு (1,345 மீட்டர்) வழி கேட்டவர்களுக்கு, கூகல் மேப்ஸ் ஒரு கார் நிறுத்துமிடத்திலிருந்து உச்சிக்கு நேராகக் கோடு காட்டியது. அந்த இடத்தில் பாதையே இல்லை, செங்குத்தான பாறைதான். உயிருக்கே ஆபத்து என்று மலையேறிகள் அமைப்பு எச்சரித்தது. 2023ல் கனடாவின் வேன்கூவர் அருகே இல்லாத பாதையை நம்பிப் போனவர்களை மீட்க வேண்டியதாயிற்று. பிறகுதான் கூகல் அதை நீக்கியது. கார் ஓட்டுவதற்காக உருவான வரைபடத்தை மலைக்குக் கொண்டுபோனால் இப்படித்தான்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட செயலிகள் இதில் எவ்வளவோ மேல். நடந்தவர்களே போட்ட பாதைகள் அதில் இருக்கும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு, அது நம்ம வட்டாரத்துச் சிக்கல். பூன் லேயிலிருந்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைத் தாண்டினால் மேற்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அதன் பெரும்பகுதி ராணுவம் உண்மையான குண்டுகளைச் சுட்டுப் பயிற்சி செய்யும் இடம், பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. உடற்பயிற்சிச் செயலிகளுக்கோ யார் ஓடினாலும் கோடு கோடுதான். 2017ல் ஸ்ட்ராவா வெளியிட்ட 'வெப்ப வரைபடம்' பல நாடுகளின் ராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுத்தது நினைவிருக்கலாம். வீரர்கள் கைக்கடிகாரத்தோடு மெதுவோட்டம் போனதுதான் காரணம். திரையில் கோடு இருக்கிறது என்றால் யாரோ அங்கு போயிருக்கிறார்கள் என்று மட்டும்தான் பொருள். நீங்கள் போகலாம் என்று பொருள் இல்லை. புக்கிட் தீமா, மெக்ரிட்சி போன்ற இயற்கை வனப்பகுதிகளிலும் அப்படித்தான். அனுமதிக்கப்பட்ட பாதையை விட்டு விலகினால் அபராதம் விதிக்கப்படலாம். அங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் பாதை வரைபடத்தைப் பார்ப்பதே சரி.

சமவுயரக் கோடுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இலவச வரைபடங்கள் பலவற்றில் உள்ள உயரத் தகவல், 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் கொண்டு அளந்தது. 11 நாளில் உலகின் பெரும்பகுதியை அளந்தது பெரிய சாதனைதான். ஆனால் அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரைவரை முழுதாக இறங்கவில்லை. மர உச்சிகளின் உயரமும் அதில் கலந்திருக்கிறது. சின்ன ஓடை, திடீர்ப் பள்ளம் எல்லாம் வழுவழுவென்று மறைந்துபோயிருக்கும். திரையில் மென்மையான சரிவு, காலடியிலோ கயிறு பிடித்து ஏற வேண்டிய பாறை!

அப்படியென்றால் திசைகாட்டி எதற்கு?

தேசிய சேவையை முடித்த அண்ணன்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பூன் லேக்குப் பக்கத்தில் இருக்கும் சாஃப்டி ராணுவப் பயிற்சிக் கழகத்தைச் சுற்றி, கையில் வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு காலடிகளை எண்ணி எண்ணி நடந்த கதையெல்லாம் வரும். "இப்போ யாரு அதையெல்லாம் பயன்படுத்துறா?" என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

பயன் இருக்கிறது. திசைகாட்டிக்கு மின்னூட்டம் வேண்டாம். மழையில் திரை வேலை செய்யாமல் போவது போன்ற தொல்லையும் இல்லை. புள்ளி தாவும்போது, "பாதை வடமேற்கே போகணும், நான் ஏன் கிழக்கே போறேன்?" என்று சந்தேகப்பட வைக்கும். ஃபோனுக்குள்ளும் திசைகாட்டி உண்டுதான், ஆனால் அது காந்த மூடி போட்ட உறைக்கு மயங்கிவிடும். உண்மையான திசைகாட்டியும் மயங்கும். ஃபோனோடு ஒரே பையில் நாள்கணக்கில் போட்டு வைத்தால் ஊசியின் முனைகள் தலைகீழாக மாறிவிடுவதுகூட உண்டு. வடக்கு தெற்காகிவிடும். தனித்தனிப் பையில் வையுங்கள்.

இணையத்தில் வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பூமியின் காந்தப் புலம் எல்லா இடத்திலும் கிடைமட்டமாக இருப்பதில்லை. ஐரோப்பாவில் அது ஊசியின் வடமுனையைக் கீழே இழுக்கும், அதற்கு ஈடாகத் தென்முனையில் எடை கூட்டியிருப்பார்கள். சிங்கப்பூரில் நாம் காந்த நடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறோம். புவியியல் நடுக்கோடு வேறு, இது வேறு. இது தென்னிந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது. 1963ல் இந்தியா தன் முதல் ராக்கெட்டைத் திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து ஏவியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, ஐரோப்பாவுக்குச் செய்த திசைகாட்டியின் தென்முனை இங்கே தாழ்ந்து, ஊசி உரசி நிற்கலாம். உலகம் முழுதும் பயன்படுத்தத்தக்க ஊசி என்று குறிப்பிட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

நமக்கு ஒரு சலுகையும் உண்டு. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையே ஒரு பாகைகூட வித்தியாசம் இல்லை. அதைக் கணக்கில் எடுக்காமலே நடக்கலாம். அதே பழக்கத்தோடு நியூசிலாந்தின் தென் தீவுக்குப் போனால் 20 பாகைக்கு மேல் பிசகும். ஒரு கிலோமீட்டர் நடந்ததும் 350 மீட்டர் தள்ளி நிற்பீர்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது?

புக்கிட் தீமா, ஜூரோங் சுற்றுச்சூழல் பூங்கா, ரயில் பாதை நடைபாதை: எதுவும் வாங்க வேண்டாம், ஃபோன் போதும். காசை நல்ல காலணிக்குச் செலவழியுங்கள்.

லேடாங் போன்ற இடங்களுக்கு இறக்கி வைத்த வரைபடம், பவர் பேங்க், நீர் புகாத பை, ஒரு சாதாரணத் தகட்டுத் திசைகாட்டி. குழுவில் குறைந்தது இரண்டு பேர் ஃபோனில் அதே வரைபடம் இருக்கட்டும். லேடாங்கிலும் கினபாலுவிலும் வழிகாட்டி கட்டாயம், ஆனால் வழிகாட்டி முன்னால் இருப்பார், களைத்தவர் பின்னால் இருப்பார். வழி தவறுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். கடைசியில் வருபவரிடமும் வரைபடம் இருப்பது நல்லது.

தனி ஜிபிஎஸ் கருவி சில நூறு வெள்ளி ஆகும். ஈரக் கையாலும் அமுக்கக்கூடிய பொத்தான், நீண்ட நேரம் தாங்கும் மின்கலம் ஆகியவை அதன் பலம். மாதம் இரண்டு மூன்று முறை காட்டுக்குப் போகிறவருக்குத் தகும். ஆண்டுக்கு ஒரு மலை ஏறுபவருக்கு அது அலமாரியில்தான் தூங்கும். ஜிபிஎஸ் கைக்கடிகாரம் ஏற்கனவே இருந்தால், வந்த வழியே திரும்பக் காட்டும் வசதியை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பல நாள் பயணம், சிக்னலே இல்லாத மலைத்தொடர் என்றால் துணைக்கோளம் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிக்குச் செலவழிக்கலாம். புதிய ஃபோன்கள் சிலவற்றிலும் அந்த வசதி உண்டு. ஆனால் எல்லா நாட்டிலும் அது வேலை செய்யாது, போகும் நாட்டில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

காசில்லாத ஒரு கருவியும் உண்டு, அது கடிகாரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அது குளிர் நாட்டுக் கணக்கு. நம் புழுக்கத்தில், வேர்களும் சேறுமான பாதையில், தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏழு மணியளவில் சூரியன் மறையும் என்றாலும் மரங்களின் கீழ் அதற்கு வெகு முன்பே இருட்டிவிடும். உச்சி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் திரும்பியே ஆக வேண்டிய நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள். கைவிளக்கு இல்லாமல் போக வேண்டாம்.

வழி தவறிவிட்டால்?

நில்லுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது என்று யோசியுங்கள். வந்த வழி தெளிவாகத் தெரிந்தால் மட்டும் திரும்புங்கள், இல்லையென்றால் அங்கேயே இருங்கள். விமானப் பயன்முறையை எடுத்துவிட்டு உதவிக்கு அழையுங்கள். சிங்கப்பூரில் குடிமைத் தற்காப்புப் படைக்கு 995, மலேசியாவில் 999.

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். வரைபடச் செயலியில் உங்கள் புள்ளியை அழுத்திப் பிடித்தால் எண்கள் தோன்றும். அவற்றைத் தோன்றியபடியே, புள்ளியோடு சேர்த்து, ஒவ்வோர் எண்ணாக வாசியுங்கள். '2.37 பாகை' என்பதும் '2 பாகை 37 நிமிடம்' என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 27 கிலோமீட்டர் இருக்கிறது.