கோடைக் கடையில் வாலாய் மீன்

அமெரிக்காவின் வடபால், கனடாவை ஒட்டிக் கிடப்பது மின்னசோட்டா. பத்தாயிரம் ஏரி நாடு எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் அம்மாநிலம், 1965ஆம் ஆண்டில் வாலாய் என்னும் நன்னீர் மீனைத் தன் மாநில மீனாக ஏற்றது. அப்பெயரின் முற்கூறு சுவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே எனப் பலரும் மயங்குவர். அஃது அன்று. ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியில் 'கண்ணிற் படலம் உடையது' எனப் பொருள்படும் சொல்லே இங்ஙனம் திரிந்தது. அவ்வேரிக்கரை ஒஜிப்வே மக்களோ இதனை 'ஓகா' என்பர்.

படலம் போல் தோன்றுவது குறையன்று; அதுவே இம்மீனின் வலிமை. பூனைக்கு இருப்பதுபோல் இதன் விழியின் பின்புறத்தே ஒளியைத் திருப்பும் அடுக்கொன்று உண்டு. ஆகவே மங்கிய ஒளியிலும் அது நன்கு காணும். அதற்கு இரையாகும் பெர்ச் மீனோ அவ்வேளையில் தடுமாறும். அந்தியும் வைகறையும், காற்றலைத்து நீர் கலங்கும் பகலும் இதன் வேட்டைப் பொழுதுகள்.

ஆகஸ்டு மாதத்தில் தூண்டிற்காரரின் பாடு கடினமாகிறது. வெயிலேறிய மேல்நீர் இலேசாகி மிதக்க, குளிர்ந்த நீர் கனத்து அடியில் தங்குகிறது. இடையே வெப்பம் சட்டென இறங்கும் மெல்லிய அடுக்கு. மீன் குளிர்ச்சியை நாடும் எனக் கருதிப் புதியவர் ஏரியின் மிக ஆழ்ந்த இடத்தில் இரையை இறக்குவர். அங்கே மீன் இராது. வளமிக்க ஏரிகளில் அடிச்சேற்றில் மக்கும் பொருள்கள் பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. காற்றின் கலக்கம் அவ்வளவு ஆழம் எட்டுவதில்லை. மேலே வெப்பமும் ஒளியும், கீழே மூச்சுமுட்டும் நீர். எனவே ஏரிச்சரிவு அவ்விடையடுக்கைத் தொடும் இடத்தையே வாலாய் நாடும். ஒலியால் ஆழமறியும் கருவி அவ்வடுக்கை மெல்லிய கோடாகக் காட்டுவதுண்டு.

இடமறிந்தும் மீன் கடிக்க வேண்டுமே! இளவேனிலில் பொரித்த பெர்ச் குஞ்சுகள் இப்போது ஏரியெங்கும் மலிந்துள்ளன. வயிறு நிறைந்த மீனுக்கு அசையாத மண்புழு ஒரு பொருட்டன்று. ஆகவே பகலில் படகின் பின்னே பொய்மீனை விரைந்து இழுத்து, அது திடுக்கிட்டுக் கவ்வச் செய்வர். அந்தியில் சரிவின் மேட்டில் அட்டையை மெல்ல நகர்த்துவர்.

மில் லாக்ஸ் ஏரியின் இயல்பு வேறு. ஏறத்தாழ 200 சதுர மைல் பரந்தும், அதன் ஆழம் 45 அடியை எட்டுவதில்லை. காற்று அடிவரை கலக்குவதால் அடுக்குகள் நிலைப்பதரிது. சேற்றுமேடுகளின் விளிம்புகளே அங்கு மீன் தேடுமிடம். அவ்வேரியில் 2005இல் வரிச்சிப்பி காணப்பட்டது. நீரை வடிகட்டி உண்ணும் அச்சிற்றுயிர் பெருகியபின், ஏற்கனவே தெளிந்துவந்த நீர் மேலும் தெளிந்தது. வாலாய் குறைந்தது; 2015 ஆகஸ்டில் அம்மீன்பிடிப்பு இடைநிறுத்தப்பட்டது.

பிடித்து விட்டுவிட்டால் கேடில்லை எனப் பலர் எண்ணுவர். கோடைக் கடையில் அவ்வெண்ணம் பிழை. வெந்நீரில் போராடிக் களைத்த மீன் மீளாமல் மாய்வது மிகுதி. முப்பதடிக்குக் கீழிருந்து விரைந்து இழுக்கப்பட்டதன் காற்றுப்பை உப்பிவிடுகிறது. அதனை உடனே சுருக்க இம்மீனால் இயலாது. விடுவித்தபின் இறக்கும் மீன்களையும் மதிப்பிட்டு மில் லாக்ஸின் பிடிப்புக் கணக்கிற் சேர்க்கின்றனர். முதிர்ந்த தூண்டிற்காரர் விழுங்கப்பட்ட முள்ளைப் பிடுங்காமல் கயிற்றை அறுத்துவிடுவர். வெப்பம் ஏறிய நாள்களில் ஆழத்தை விட்டு, அந்திவேளை மேட்டுக்கே படகைத் திருப்புவர்.