உங்க பேர் என்ன, ஐயா?

பி.காம். படித்தவன் ரத்தத்தைப் பற்றி எழுதலாமா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு ரத்தப் பையை மஞ்சள் துணிப்பையில் போட்டுக்கொண்டு, டீக்கடையில் நின்று வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்ட மகானுபாவன் நான். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

2022-ல் நடந்தது. அப்பாவுக்கு மூட்டு வலி. டாக்டரிடம் போனால் செலவு என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை வாங்கி, மாசக்கணக்கில் கடலை மிட்டாய் மாதிரி சாப்பிட்டிருக்கிறார். மூட்டு சரியானதோ இல்லையோ, வயிற்றில் புண். உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து, தார் மாதிரி கறுப்பாகப் போக ஆரம்பித்து, ஒருநாள் பாத்ரூம் வாசலில் சரிந்து விட்டார். ஆண்களுக்கு 13-க்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவருக்கு 6-க்குக் கீழே. "ரத்தம் ஏத்தணும்" என்றார்கள். ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். அப்பாவின் பேரும் வேண்டாம். முருகனுக்கு உள்ள பேர்களில் ஒன்று. எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இனிஷியல் எம். அதையும் சேர்த்துக் கத்தினால் இரண்டு பேராவது மிச்சம் இருப்பார்கள். இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே சாம்பிள் எடுத்துப் பொருத்தம் பார்த்தாகிவிட்டது. மறுநாள் காலை வார்டில் அப்பாவின் பேரைக் கூப்பிட்டு ஒரு சீட்டை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு ஓடினேன். நாற்பது கட்டிலுக்கு நடுவே அந்த நர்ஸ் தனி ஆளாய் அல்லாடிக்கொண்டிருந்தார். ஆக, கொடுத்தவருக்கு நேரமில்லை. வாங்கினவனுக்குப் படிக்கத் தோன்றவில்லை.

ரத்த வங்கியில் ஒரு மணி நேரம் வரிசை. பணம் போடும் வங்கியே தேவலை, அங்கே ஃபேனாவது ஓடும். கடைசியில் கைக்கு வந்தது, ஐஸ் மாதிரி ஜில்லென்று ஒரு பை. "நேரா வார்டுக்குப் போங்க, எங்கயும் நிக்காதீங்க" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். தலையை ஆட்டினேன். ராத்திரியிலிருந்து பட்டினி. கேட்டுக்கு எதிரே டீக்கடை. பத்தே நிமிஷம் என்று போனது அரைமணி ஆனது. பையை எங்கே வைத்தேன் தெரியுமா? பாய்லருக்குப் பக்கத்துப் பலகையில். 'இவ்வளவு ஜில்லுன்னு ஏத்தினா அப்பாவுக்குக் குளிர் ஜுரம் வந்துடும், கொஞ்சம் வெதுவெதுப்பாகட்டும்' என்ற பித்ருபக்தி வேறு!

வார்டுக்குத் திரும்பினால் அப்பா கட்டிலருகே ஒரு நர்சிங் மாணவி. பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். ஒல்லி. உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சு. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு டியூட்டர் மேடம். ரத்தம் ஏற்றுவதை வகுப்பில் படித்து, பொம்மையின் கையில் செய்து பார்த்து, நிஜ மனுஷருக்கு முதல் தடவையாகச் செய்யப் போகிறாள். அது எனக்கு அப்போது தெரிந்திருந்தால் பையைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன். நல்லவேளை, தெரியவில்லை.

பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கசிவு இருக்கிறதா, கட்டி இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் இரண்டு பேருமாகச் சரிபார்ப்பு. பையில் உள்ள எண்ணை இவள் படிக்க, சீட்டில் உள்ளதை மேடம் படிக்க... ரத்தப் பிரிவு, காலாவதி தேதி, பேர், உள்நோயாளி எண். ஆடிட் ஆபீஸில் ஒருத்தர் வவுச்சரைப் படிக்க, இன்னொருத்தர் லெட்ஜரில் பச்சைப் பென்சிலால் டிக் அடிப்போமே, அச்சு அசலாய் அதே. எல்லாம் டேலி.

சரி, ஏற்ற வேண்டியதுதானே? இல்லை. அப்பாவிடம் குனிந்தாள்.

"ஐயா, உங்க பேர் என்ன?"

அப்பா அரைத் தூக்கத்தில் இருந்தார். போதாததற்கு இடது காது மந்தம்.

"அதான் எழுதியிருக்கேம்மா" என்றேன் நான்.

"அவரே சொல்லணும்ணா."

"முடியாம படுத்திருக்காரு. நீயே பேரைச் சொல்லி, நீங்கதானாய்யான்னு கேளேன். ஆமான்னு சொல்லிட்டுப் போறாரு."

"அப்படிக் கேட்டா எல்லாருமே ஆமான்னுதாண்ணா தலையாட்டுவாங்க."

நியாயம்தான். அன்றைக்கு இருந்த நிலையில், "நீங்க ஜெமினி கணேசனா?" என்று கேட்டாலும் அப்பா ஆமாம் என்றிருப்பார். ஆனால் அந்த நேரத்தில் நியாயம் எங்கே காதில் ஏறும்? கத்தினேன். "ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்னு வாங்கிட்டு வந்திருக்கேன். இங்க வந்து இன்டர்வியூ பண்றீங்களா?" பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து விட்டார்கள். அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. ஆனால் நகரவில்லை. மறுபடி அப்பாவின் வலது காதுப் பக்கம் போய், இன்னும் சத்தமாக, "ஐயா, உங்க பேரு?"

அப்பா பேரைச் சொன்னார். இனிஷியலோடு.

"பார்த்தியா?" என்று நான் ஜெயித்த முகத்தோடு நின்றேன். அவளோ அப்பாவின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைத் திருப்பினாள். எண்ணைப் படித்தாள். சீட்டைப் பார்த்தாள். மறுபடி பட்டை. கட்டிலோடு தொங்கிய கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். நிமிர்ந்து, "மேடம், நம்பர் வேற. ஐயாவுக்கு ஓ பாசிட்டிவ். பையில பி பாசிட்டிவ்" என்றாள்.

எனக்கு விஷயம் உறைக்கவே ஒரு நிமிஷம் பிடித்தது. ஆறு கட்டில் தள்ளி அதே பேரில், அதே எம் இனிஷியலில் இன்னொரு பெரியவர். அவருடைய சீட்டு என் கையில். எங்கள் சீட்டு அவர் சம்சாரத்தின் கையில்.

கார்ல் லான்ட்ஸ்டைனர் என்ற வியன்னாக்காரர் 1901-ல் கண்டுபிடித்துச் சொன்ன சங்கதி இது. மனுஷ ரத்தம் எல்லாம் ஒன்று இல்லை. (இதற்காக 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.) ஓ பிரிவுக்காரரின் ரத்தத்தில் ஏ, பி இரண்டு பிரிவுகளுக்குமே எதிரிகள் தயாராகக் காத்திருக்கும். பி ரத்தம் உள்ளே போனால் அதன் சிவப்பணுக்களை அடித்து உடைத்துவிடும். குளிர் நடுக்கம், முதுகு வலி, கறுத்த சிறுநீர், கிட்னி செயலிழப்பு என்று வரிசையாக வந்து ஆளையே முடித்துவிடலாம். இதற்குப் பை முழுசும் போக வேண்டியதில்லை. கொஞ்சம் போனாலே போதும்.

பி.காம். படித்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் கணக்கில் தப்பு இருக்கலாம் என்று பாடத்தில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தர் கணக்கில் எழுத வேண்டிய வரவை அதே பேருள்ள இன்னொருத்தர் கணக்கில் எழுதினால் டிரையல் பேலன்ஸ் பல்லிளித்துக்கொண்டு டேலி ஆகும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். பையும் சீட்டும் ஒத்துப்போனதைப் பார்த்ததும் 'எல்லாம் சரி' என்று குதித்தவனும் நானே. காகிதம் காகிதத்தோடு ஒத்துப்போவதில் அதிசயமே இல்லை. கட்டிலில் கிடக்கும் ஆளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் அந்தப் பெண் என்னிடம் திட்டு வாங்கினாள்.

அவள் அதற்குள் அந்த இன்னொரு கட்டிலுக்குப் பாய்ந்துவிட்டாள். அந்தம்மா அப்போதுதான் வந்து, பையைத் துண்டில் சுற்றி ஸ்டூலில் வைத்துவிட்டு நர்சுக்காகக் காத்திருந்தார். வரிசையில் எனக்கு ரொம்பப் பின்னால் நின்றவர். ஆனால் சொன்னபடி நேராக வந்தவர்.

மேடம் என்னிடம் வந்தார். குரல் உயரவே இல்லை. "இந்தப் பி பாசிட்டிவ் அவருக்கு உள்ளது. வங்கியிலிருந்து நேரா வந்தீங்களா? நடுவில எங்கேயும் வைக்கலையே?"

"நேரா வந்தேன் மேடம்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். ரத்தம் கொடுத்த நேரத்தை அதில் எழுதியிருப்பார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கடிகாரத்தையும் பார்த்தாள். திட்டவில்லை. பாடம் ஒப்பிப்பது போல மெதுவாகச் சொன்னாள். "சிவப்பணுப் பையை 2 டிகிரியிலிருந்து 6 டிகிரிக்குள்ள வைக்கணும்ணா. வெளியில எடுத்தா அரைமணிக்குள்ள ஏத்த ஆரம்பிக்கணும், நாலு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடணும். வெளியிலயே இருந்தா கிருமி வளரும். சூடு பட்டா அணு உடைஞ்சிடும். பார்த்தா ஒண்ணும் தெரியாது."

ஆறாவது கட்டிலைப் பார்த்தேன். அந்தம்மா ஒன்றும் புரியாமல் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக ஆபீஸிலும் வீட்டிலும் எத்தனையோ சில்லறைப் பொய் சொல்லியிருக்கிறேன். லீவுக்காக இல்லாத பெரியப்பாவை இரண்டு தடவை சாகடித்தவன். இந்த ஒரு பொய்யை மட்டும் விழுங்கிவைக்க முடியவில்லை.

"டீக்கடையில நின்னேன் மேடம். அரைமணி. பாய்லர் பக்கத்துல வச்சிருந்தேன்."

மேடம் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். அவ்வளவுதான். காரணத்தை எழுதி, பையைத் திருப்பி அனுப்பினார்கள். யாரோ புண்ணியவான் கையை நீட்டிக் கொடுத்த ரத்தம். என் பஜ்ஜிக்குப் பலி. அவருக்கு வேறு பை வாங்க வார்டு ஊழியரே போனார். என்னை அனுப்பவில்லை. யார் அனுப்புவார்கள்?

அப்பாவின் பைக்கு முதலிலிருந்து மறுபடி எல்லாம் நடந்தது. பை, சீட்டு, பட்டை, கேஸ் ஷீட். "ஐயா, உங்க பேர் என்ன?" இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. ஜுரம், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டு, சல்லடை வைத்த தனிக் குழாயை மாட்டி, சொட்டுச் சொட்டாக மெதுவாகத் திறந்துவிட்டாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் போகவில்லை. கட்டிலோரமே நின்றாள். முதல் பதினைந்து நிமிஷம் நகரக் கூடாதாம். விபரீதம் வருவதென்றால் பெரும்பாலும் அதற்குள்தான் தலைகாட்டுமாம். "முதுகு வலிக்குதாய்யா? குளிருதா? நெஞ்சு படபடங்குதா? என்னமோ ஆகப் போகுதுன்னு பயமா இருக்கா?" கடைசிக் கேள்வி எனக்கு விசித்திரமாகப் பட்டது. அதுவும் பாடத்தில் உண்டாம். நோயாளி காரணமில்லாமல் பயப்பட்டால் அதையும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அப்படி ஏதாவது வந்தால்? "மொதல்ல நிறுத்தணும். குழாயை மாத்தி வெறும் சலைன் விட்டு ஊசி அடைக்காம பார்த்துக்கணும். பையைத் தூக்கிப் போடக் கூடாது, பரிசோதனைக்கு அனுப்பணும். யாரைக் கேட்டு நிறுத்தணும்னு யோசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. நிறுத்திட்டுத்தான் டாக்டரைக் கூப்பிடணும்." ரத்தத்தோடு சலைன் தவிர வேறு எதுவும் சேரக் கூடாதாம். குளுக்கோஸ் சேர்ந்தால் அணு கெடும், சில திரவங்கள் சேர்ந்தால் ரத்தம் உறையும். வெந்நீரில் வைத்துச் சூடு பண்ணுவது... அதை நான் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

என் பயம் வேறு. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றிய செய்தி வெளியே வந்ததே, அதைக் கேட்டேன். எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, பால்வினை நோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பையையும் பரிசோதித்தே ஆக வேண்டும் என்று மேடம் சொன்னார். காசுக்கு ரத்தம் விற்பதும் 1998 ஜனவரியிலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. "ஆனா சார், அஞ்சு பரிசோதனையும் பாஸ் பண்ணின சுத்தமான ரத்தம்தான் நீங்க கொண்டு வந்தது" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் மட்டும், "நான் அவ்வளவு கத்தியும் எப்படிம்மா விடாம கேட்டே?" என்றேன். "மேடம் கிளாஸ்லயே கத்திக் காமிப்பாங்கண்ணா. ஒருத்தர் நோயாளி, மேடம் சொந்தக்காரர். பேரைக் கேட்க விடாம சண்டை போடுவாங்க. நீங்க கொஞ்சம்தான் கத்தினீங்க." மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் ரத்த வங்கிக்குப் போனேன். கொட்டியதை ஈடுகட்ட வேண்டாமா? எடை 45 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல், வெறும் வயிறாக இல்லாமல் இருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கடைசி நிபந்தனைக்காவது பஜ்ஜி உதவியது. பாரம் எழுதும்போது ஒருத்தர் என் பேரைக் கேட்டார். விரலில் குத்திப் பார்த்தவர் கேட்டார். படுக்கையில் படுத்த பிறகு, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு பெண் கேட்டாள்.

"உங்க பேர் என்ன சார்?"

சொன்னேன். இனிஷியலோடு. அவள் கேட்காமலே அப்பா பேரையும், தாத்தா பேரையும் சேர்த்துச் சொன்னேன்.